தானாகக் கலைந்தது என்று சொல்லிக்கொடுத்தவள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நர்ஸ்களும் கவுன்சிலர்களுமாகிய நீங்கள் என் அனுபவத்திலிருந்து நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். முப்பத்திரண்டு வருடம் வாய் ஓயாமல் பேசியே வேலை பார்த்த என்னிடம் நாலு வார்த்தை என்று கேட்பது உங்கள் துணிச்சல்தான். ரத்த அழுத்தம் பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால், சாமர்த்தியம் என்று நினைத்து நான் செய்துவந்த ஒரு தப்பைச் சொல்கிறேன். ஏதோ ஒருநாள் கைதவறிச் செய்ததில்லை. ஏழெட்டு வருடம் பெருமையாகச் செய்துகொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பா ரயில்வேயில் இருந்ததால் எங்கள் வீடு போத்தனூரில். அங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் பீளமேட்டுக்கு வரவேண்டும். தை மாதக் காலையில் பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்தால் கை விறைக்கும். இப்போது நீங்கள் குளிர் என்று சொல்வதையெல்லாம் நாங்கள் குளிரில் சேர்த்திருக்கவே மாட்டோம். மில் சங்கு ஊதும்போது பஸ் எந்த நிறுத்தத்தில் இருக்கிறது என்பதை வைத்து, இன்றைக்குத் திட்டு உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்வேன். ஆஸ்பத்திரியில் எங்கள் குடும்பநல வார்டு மாடியில் இருந்தது. எட்டுக் கட்டில்கள், ஒரு மேசை, வேப்பமரத்தைப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். பதினொரு மணிக்கு ஆயாம்மா எதிர் பேக்கரியிலிருந்து தேங்காய் பன் வாங்கி வருவார். ஆளுக்குப் பாதி. அதில் எந்தப் பாதி பெரிது என்று சண்டை போட்ட ஐந்து பேரில் இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை. அந்த வார்டை நினைத்தால் எனக்கு மருந்து வாசனை வருவதில்லை, சூடான பன் வாசனைதான் வருகிறது.

கருக்கலைப்புக்கு வரும் பெண்களும் அந்த வார்டில்தான் தங்குவார்கள். சட்டம் அனுமதித்த காரியம்தான். ஆனாலும் முக்காடு போட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் வருவார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் ஈரோட்டுக்குப் போவார்கள், ஈரோட்டுக்காரர்கள் எங்களிடம் வருவார்கள்.

கலைப்பு முடிந்த பிறகு ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி இருப்பாள். கண் விழித்ததும் அப்பாடா என்று பெருமூச்சு விட்டு, இட்லி கிடைக்குமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு உண்மையிலேயே நிம்மதிதான். உள்ளே ஏதோ துக்கம் ஒளிந்திருக்கிறது என்று நீங்களாகத் தோண்டாதீர்கள். சிலர் அழுவார்கள். சிலர் புருஷனைத் திட்டுவார்கள். ஒருத்தி, நாங்கள் சொல்லச் சொல்லக் கேட்காமல், வார்டில் இருந்த போர்வையை எல்லாம் எடுத்து மடித்து அடுக்கினாள். "சும்மா உக்காந்தா மனசு எங்கியோ போகுதுங்க சிஸ்டர்" என்றாள். எனக்கு அப்போது இருந்த அறிவு ரொம்ப எளிமையானது. அழுகிறவளைக் கவனிக்கவேண்டும், அழாதவள் பிழைத்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது இரும்புச்சத்து மாத்திரையோடு ஒரு வாக்கியத்தையும் கையில் கொடுத்து அனுப்புவேன். "ஊட்டுல ஆராச்சும் கேட்டா, தானாக் கலைஞ்சுபோச்சுன்னு சொல்லிக்க அம்மணி." இதைக் கேட்டதும் அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்கவேண்டும். யாருக்கும் சங்கடமில்லை, யாரும் திட்டமாட்டார்கள், பத்தியச் சாப்பாடும் ஓய்வும் கிடைக்கும். இதைவிட நல்ல மருந்து உண்டா என்று எனக்குள் ஒரே பெருமிதம். மற்ற நர்ஸ்களும் என்னைப் பார்த்து அதையே சொல்ல ஆரம்பித்தார்கள். நாளடைவில் அது வார்டின் வழக்கமாகவே ஆகிவிட்டது.

ஒரு தை மாதம் மரகதம் வந்தாள். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஒரு கிராமம். வயது இருபத்து மூன்று. கைக்குழந்தைக்கு இன்னும் ஒரு வயது முடியவில்லை, அதற்குள் அடுத்தது. கோயமுத்தூரில் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்து முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கணவர் இங்கே ஒரு பம்பு கம்பெனியில் ஃபிட்டர். இருவரும் காலை ரயிலில் ஒன்றாக வந்து மாலை ரயிலில் ஒன்றாகத் திரும்புவார்கள். குழந்தையை மாமியார் பார்த்துக்கொண்டார். "நீ படி கண்ணு, இதை நான் பாத்துக்கறேன்" என்று பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பியதே அந்த மாமியார்தான்.

"எனக்கு இப்ப இன்னொண்ணு முடியாதுங்க" என்றாள் மரகதம். "இவருஞ் செரின்னுட்டாருங்க. அத்தைக்குத்தான் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. வாந்தி எடுக்கறதைப் பாத்து அவங்களே கண்டுபுடிச்சு, தெருப்பூராச் சொல்லி வெச்சிருக்கறாங்க. இந்தத் தடவை பேரன்தான்னு ஒரே சந்தோசம்."

"அதுக்குத்தான் நாங்க இருக்கறம்" என்று சொல்லி, என் வாக்கியத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அதே நாளில் பக்கத்துக் கட்டிலில் திருப்பூரிலிருந்து வந்த ஒரு பெண் ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். என் கவனமெல்லாம் அவள்மேல்தான். தலையணை சரிசெய்வதும், காபி கொடுப்பதும், உட்கார்ந்து பேசுவதுமாக இருந்தேன். மரகதம் தன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஏதோ பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் கழித்து இருவரும் மறுபரிசோதனைக்கு வந்தார்கள். திருப்பூர்ப் பெண் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டி, புருஷனோடு மூன்று நாள் சண்டை போட்டு, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்திருந்தாள். மரகதம் கையில் புத்தகத்தோடு வந்தாள். காய்ச்சல் உண்டா, வயிற்று வலி உண்டா, உதிரப்போக்கு நின்றதா என்று கேட்டேன். "நல்லா இருக்கறனுங்க" என்றாள். பதிவேட்டில் "நலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பங்குனி மாதம் ஒருநாள் மதிய இடைவேளையில் அவள் கணவர் கம்பெனிச் சட்டையோடு மாடியேறி வந்தார். எண்ணெய்க் கையைத் துடைக்கக்கூட மறந்து நின்றார்.

"ஏனுங்க சிஸ்டர், மரகதத்துக்கு ஏதாச்சும் மாத்திரை தர முடியுங்களா? ரெண்டு மாசமாத் தூக்கமே இல்லீங்க. புள்ளையத் தூக்க மாட்டீங்கறா. டிரெயினிங்குக்குப் போயிப் பதினஞ்சு நாளாச்சு. கேட்டா ஒண்ணுமில்லீங்கறா. என்ன பண்றதுன்னே தெரியலீங்க."

மாத்திரை கொடுக்கமாட்டேன், அவளைக் கூட்டி வாருங்கள் என்றேன். மறுநாளே வந்தாள். பாதி ஆளாக இருந்தாள். ஜன்னலோரம் உட்காரவைத்து, கலைத்துவிட்டோமே என்று வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

"வருத்தம் இருக்குதுங்க, இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா அதை நான் தாங்கிக்குவனுங்க. நானா முடிவு பண்ணுனதுதான. என்னால தாங்க முடியாதது அத்தைங்க."

"திட்டறாங்களா?"

"திட்டுனா நான் எதுக்குங்க இங்கெ வாரேன்?"

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், எருமைக்கு வைக்கப் பருத்திக்கொட்டை மூட்டையை நகர்த்தும்போது, ஒரு கை பிடி என்று மாமியார் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அவளும் பிடித்திருக்கிறாள். தானாகக் கலைந்துவிட்டது என்று இவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னதும், அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். தன்னால்தான், அந்த மூட்டையால்தான் போயிற்று என்று முடிவே செய்துவிட்டார். அன்றிலிருந்து மருமகளை ஒரு வேலையும் செய்யவிடுவதில்லை. உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறார். ஊட்டும்போதே அழுகிறார். பரிகாரமாகப் பங்குனித் திருவிழாவில் குண்டம் இறங்குவதாக, அதாவது நெருப்பில் நடப்பதாக, அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார்.

"அத்தைக்குச் சக்கரை வியாதி இருக்குதுங்க" என்றாள். "வலது கால்ல புண்ணு, ஆறு மாசமா ஆறல. எங்கூர் டாக்டரும் வேண்டாமுன்னுட்டாரு. ஆத்தா பாத்துக்குவான்னு சொல்லிப்போட்டாங்க. இன்னும் பன்னண்டு நாள்தானுங்க இருக்குது. அவங்க செய்யாத தப்புக்கு நெருப்புல எறங்கறாங்க. இல்லீங்க, நான் செஞ்சதுக்கு. எப்படிச் சொல்றதுன்னே தெரியல. கண்ணை மூடுனா அந்தக் காலுதான் தெரியுது."

அந்த வாக்கியம் அவளுடையது இல்லை. நான் கொடுத்தது.

எங்கள் டாக்டரம்மாவிடம் ஓடினேன். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த மனுஷி, வார்த்தையை அளந்துதான் பேசுவார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஒரு யோசனையும் சொன்னேன். கரு சரியாக வளரவில்லை, அதனால் டாக்டரே கலைத்துவிட்டார் என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிடலாம், மூட்டைமேல் இருக்கும் பழி போய்விடும், குண்டமும் நின்றுவிடும் என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "அப்புறம் அடுத்த குழந்தை உண்டானா, அதுவும் ஊனமாப் பிறக்குமோன்னு அந்தம்மா பத்து மாசம் பயந்துட்டே இருப்பாங்க. அதுக்கு என்ன வெச்சிருக்கே?"

நான் திரும்பிக் கதவைச் சாத்தினேன்.

"மருந்துன்னா யாருக்கு ஒத்துக்காதுன்னு கேட்டுட்டுத்தானே கொடுக்கறோம். இதை மட்டும் ஏன் கேக்காமக் கொடுத்தே?" என்றார். "அந்தப் பொண்ணு என்ன செய்யணும்னு நினைக்கறான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. தை மாதமும் கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை. திரும்பிப் போய் அவள் எதிரில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது.

"நீ என்ன பண்ணோணும்னு நெனைக்கறே கண்ணு?"

"சொல்லிப்போடோணுமுங்க" என்றாள். "வெளிய போன்னு சொன்னாலும் செரி. நேத்து ராத்திரிதான் அவருகிட்டயும் பேசுனேன், அவரும் சொல்லிரலாம்னுதான் சொல்றாரு. ஆனா அத்தை மூஞ்சியப் பாத்தா எனக்கு வாய் வராதுங்க. நீங்க கூட இருக்கறீங்களா? நீங்க சொல்ல வேண்டாம். நான்தான் சொல்லோணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையம் பாசஞ்சரில் போனேன். அந்த ரயிலில் போயிருக்கிறீர்களா? காரமடை தாண்டியதும் பாக்குத் தோப்புக்கு மேலே நீலமலை சட்டென்று எழுந்து நிற்கும். கேரட்டும் பீட்ரூட்டும் விற்று முடித்த கூடையை வைத்துக்கொண்டு, ஏறுகிற எல்லோரையும் "தள்ளி உக்காருங்க கண்ணு" என்று சொல்லும் பெண்கள் நிறைந்த பெட்டி. வேறொரு நாளாக இருந்தால் நான் ஆளுக்கொரு கதை கேட்டிருப்பேன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

மாமியார் வாட்டசாட்டமான பெண்மணி. வாசலுக்கு வந்து, "வாங்க அம்மணி, வெயில்ல வந்திருக்கறீங்க" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். காலில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது. மரகதத்தைப் பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறேன் என்றேன். அப்படியே அந்தக் காலையும் பார்க்கிறேன் என்று சொல்லித் தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்தேன். புண் ஆழமாக இருந்தது. அந்தக் காலோடு நெருப்பில் இறங்கினால் கால் மிஞ்சாது. மரகதம் கதவோரம் நின்றாள். கணவர் குழந்தையோடு அவள் பக்கத்தில் நின்றார்.

"என்னாலதானுங்க இவளுக்கு அப்படி ஆச்சு" என்றார் மாமியார், யாரும் கேட்காமலே. "புத்தி கெட்டு மூட்டையப் புடிக்கச் சொல்லிப்போட்டேன்."

நான் மரகதத்தைப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. புண்ணைக் கழுவினேன், துடைத்தேன், மருந்து வைத்துக் கட்டினேன். இன்னும் சத்தம் வரவில்லை. என் நாக்கு நுனியில் மொத்த விஷயமும் வந்து நின்றது. நான் சொன்னால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சில் யாருக்கும் சளைக்காதவள் நான். ஆனால் இது அவளுடைய வார்த்தை. ஒருமுறை அவள் வாயில் நான் வார்த்தை வைத்தது போதாதா? பல்லைக் கடித்துக்கொண்டு, கட்டின கட்டையே அவிழ்த்து மறுபடி கட்டினேன். என் வேலை நாட்களில் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் எது என்று கேட்டால், அந்தச் சில நிமிடங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்ததுதான்.

"அத்தை" என்றாள் மரகதம். "மூட்டையால இல்லீங்க. அது தானாக் கலையல. நானாப் போயிக் கலைச்சுப்போட்டு வந்தேனுங்க. படிப்பு முடியட்டும்னு. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

மாமியார் மகனை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கும் தெரியுமாடா?"

"தெரியுமுங்கம்மா."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என் கையிலிருந்து காலை மெதுவாக இழுத்துக்கொண்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"ரெண்டு மாசமா என்னைய நானே கொன்னுட்டு இருக்கறேன். பாத்துட்டுத்தான இருந்தே" என்றார் மருமகளிடம். பிறகு, "தானாக் கலைஞ்சுதுன்னு சொல்லச் சொல்லி உனக்கு ஆரு சொல்லிக்குடுத்தது?" என்றார்.

மரகதம் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"நான்தானுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. "நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பீங்க. ஆனா எனக்குத் தெரிய வேண்டாம்னு முடிவு பண்ண நீங்க ஆருங்க? இவளைப் படிக்க அனுப்புனதே நான்தான். ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?" கொஞ்சம் நிறுத்தி, "சொல்லியிருப்பேனோ என்னமோ. அதையாச்சும் நாந்தான சொல்லியிருக்கோணும்" என்றார். எழுந்து எருமைக் கொட்டகைப் பக்கம் போனார். நான் கிளம்பும்போது அங்கிருந்தே, "பாத்துப் போயிட்டு வாங்க" என்று குரல் வந்தது. அந்தக் கோபத்திலும் மரியாதை குறையவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

மறைப்பதே தப்பு என்று இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் மறுபடியும் ஒரு தப்பைச் சொல்லிக்கொடுத்தவளாவேன். வெளியே தெரிந்தால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற நிலையில் எத்தனையோ பெண்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் மறைத்துத்தான் ஆகவேண்டும், நாமும் உயிரே போனாலும் சொல்லக்கூடாது. ஆனால் எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைத் தைத்து வைத்துக்கொண்டு, வருகிறவளுக்கெல்லாம் மாட்டி அனுப்பாதீர்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாரிடம் சொல்லத் தோன்றுகிறது, யாரிடம் சொல்லவே முடியாது, சொல்லாமல் இருந்தால் அதைத் தூக்கிச் சுமக்க முடியுமா என்று அவளிடமே கேளுங்கள். அந்த வாரத்திலிருந்து நான் கேட்க ஆரம்பித்தேன். ஒரு பெண்ணுக்குக் கால் மணி நேரம் கூடுதலாக ஆயிற்று. "நலம்" என்று எழுதுவதற்கு முன்னால், தூக்கம் வருகிறதா என்றும் கேட்டேன்.

மரகதம் அடுத்த வருடம் பயிற்சியை முடித்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவளை நினைக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது அது இல்லை.

குண்டத்துக்கென்று குறித்திருந்த நாள் வந்தது. காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் நெருப்பில் இறங்கியிருப்பாரா மாட்டாரா என்று யோசித்தபடி பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து மணி வாக்கில் படியில் யாரோ மெதுவாக ஏறி வரும் சத்தம் கேட்டது. மாமியார். இடுப்பில் குழந்தை. காலில் நான் போட்ட அதே மாதிரி வெள்ளைக் கட்டு.

"எறங்கலீங்களா?" என்றேன்.

"இல்லீங்க. ஆத்தாகிட்ட நடந்ததைச் சொல்லி, எறங்கறதுக்குப் பதிலாக் குண்டத்துல உப்பு போட்டுக் கும்புட்டு நேத்தே வந்துட்டேன். ஆத்தாளுக்குத் தெரியாததா."

"மருமக கூடப் பேசறீங்களா?"

"இன்னும் இல்லீங்க. ஆறல. ஆறும், பாக்கலாம்."

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். புண் சுத்தமாகத்தான் இருந்தது, கட்டை மாற்றவேண்டிய அவசியமே இல்லை. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"காலுக்கு இல்லீங்க. காத்தால எந்திரிச்சுப் பாத்தனுங்க, அசந்து தூங்கறா. எத்தன நாளாச்சோ. இந்தப் புள்ள அழுது எழுப்பிப்போடும். அதான் இதைத் தூக்கிட்டு மொத வண்டிக்கே வந்துட்டேன்" என்றார் அவர். "சாயங்கால வண்டி வரைக்கும் இங்கெயே உக்காந்துக்கறனுங்க சிஸ்டர். அவ தூங்கட்டும்."